நெக்ஸானா, க்ரெட்டாவா? முதலில் மீட்டர் பெட்டியைத் திறங்கள்

மந்தைவெளியில் எங்கள் அடுக்ககத்தின் மூன்றாம் மாடித் தம்பதி மின்சாரக் கார் வாங்க முடிவு செய்துவிட்டார்கள். எந்தக் கார் என்பதில்தான் இழுபறி. கணவருக்கு டாடா நெக்ஸான் இ.வி. பிடித்திருக்கிறது, மனைவிக்கு ஹூண்டாய் க்ரெட்டா எலெக்ட்ரிக். இரண்டு ஷோரூமுக்கும் இரண்டு முறை போய் வந்தாகிவிட்டது. பளபளப்பான இரண்டு பிரசுரங்களை என் மேஜைமேல் போட்டு, "அண்ணா, நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, முடிச்சிடலாம்" என்றார் அந்தப் பெண். நான் பிரசுரத்தைத் தொடவில்லை. இன்ச் டேப்பை எடுத்துக்கொண்டு கீழே இறங்கச் சொன்னேன்.

மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பக்கம் கார் வாங்குகிறவர்களில் நிறையப் பேர் தூண்களுக்கு நடுவே கார் நிற்கும் அடுக்ககங்களில்தான் வசிக்கிறார்கள். பெட்ரோல் காருக்கு அந்த இடம் இரவில் தூங்க மட்டும். மின்சாரக் காருக்கு அதுவே பெட்ரோல் பங்க்கும். அதனால் இந்த இரண்டு வண்டிகளையும் ஷோரூம் வெளிச்சத்தில் வைத்துப் பார்ப்பதைவிட உங்கள் வீட்டுத் தூணடியில் வைத்துப் பார்த்தால் பல விஷயம் தெளியும்.

டேப்பைப் பிடித்ததும் முதல் ஆச்சரியம் வந்தது. நெக்ஸான் இ.வி.யின் நீளம் 3,994 மி.மீ. க்ரெட்டா எலெக்ட்ரிக் 4,340 மி.மீ. ஏறக்குறைய 35 செ.மீ. வித்தியாசம். இது எல்லோரும் எதிர்பார்ப்பதுதான். அகலம்? நெக்ஸான் 1,811 மி.மீ., க்ரெட்டா 1,790 மி.மீ. சின்ன வண்டி என்று நாம் நினைப்பதுதான் இரண்டு செ.மீ. அகலம் கூட. ஆகவே, மெட்ரோ வேலைக்கு அடைத்த தகரத்தடுப்புக்கும் எதிரே வரும் ஆட்டோவுக்கும் நடுவே கச்சேரி ரோட்டில் நுழைவதற்கு நெக்ஸான்தான் வசதி என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சந்தில் திரும்புவதற்கும், மாட வீதியில் இரண்டு வண்டிகளுக்கு இடையில் செருகுவதற்கும் நெக்ஸான் வசதி. நுழைவதில் இரண்டும் ஒன்றே.

தமிழ்நாட்டின் 2019 கட்டட விதிகள் ஒரு காருக்கு இரண்டரை மீட்டர் அகலம், ஐந்து மீட்டர் நீளம் ஒதுக்கச் சொல்கின்றன. அதில் நெக்ஸானை நிறுத்தினால் நீளவாக்கில் ஒரு மீட்டர் மிச்சம். ஒரு ஸ்கூட்டரைக் குறுக்கே சொருகிவிடலாம். க்ரெட்டாவை நிறுத்தினால் 66 செ.மீ.; ஆள் ஒருக்களித்துப் போகலாம், அவ்வளவுதான். எங்கள் கட்டடம் விதிக்கு வெகு முந்தையது. தூண் ஒன்று அரையடி உள்ளே துருத்திக்கொண்டு நிற்கும். உங்கள் இடத்தை நீங்களே அளந்துவிடுங்கள்.

இதோடு இன்னொன்றும் பார்க்க வேண்டும். பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை. சார்ஜ் ஏற்றும் துளை எங்கே இருக்கிறது? க்ரெட்டாவில் அது மூக்கில், முன்பக்கச் சின்னத்தை ஒட்டிய மூடிக்குள். நெக்ஸானில் பின் பக்கவாட்டில், பெட்ரோல் மூடி இருக்கும் இடத்தில். நம் ஊரில் காரைப் பின்னோக்கி உள்ளே விட்டு, மூக்கை வெளியே காட்டி நிறுத்துவதுதான் பழக்கம். மின் இணைப்பு பின்சுவரில் வந்தால் நெக்ஸானுக்குக் கேபிள் எட்டும். க்ரெட்டாவுக்கோ கேபிள் காரின் முழு நீளமும் தரையில் கிடந்து வர வேண்டும். வாட்ச்மேனின் காலை அது ஒரு நாள் தடுக்கும். இல்லையென்றால் மூக்கை உள்ளே விட்டு நிறுத்தப் பழக வேண்டும். தூண் பக்கம் இணைப்பு வந்தால் கணக்கு மாறும். அதுவும் போக, பம்பரோடு பம்பர் உரசும் ஊரில் அதிகம் இடிபடுவது காரின் முகம்தான். துளையை அங்கே வைத்தது எனக்கு உவப்பில்லை. அது என் கருத்து. க்ரெட்டா வைத்திருக்கும் நண்பர் ஒத்துக்கொள்ள மாட்டார்.

தி.நகரில் பழைய வீட்டை இடித்துக் கட்டிய புது அடுக்ககங்களில் இன்னொரு சிக்கல்: கார்மேல் கார் ஏற்றும் இயந்திர அடுக்குகள். அந்தத் தட்டில் எவ்வளவு எடை, எவ்வளவு உயரம் தாங்கும் என்று ஒரு தகடு அடித்திருப்பார்கள். பேட்டரி இருப்பதால் மின்சாரக் கார் அதே அளவு பெட்ரோல் காரைவிட எடை கூட. மேலும் கீழும் நகரும் தட்டில் சார்ஜர் பொருத்துவதும் லேசான காரியமில்லை. உங்களுக்கு ஒதுக்கியது மேல்தட்டு என்றால், கார் விஷயத்துக்கு முன்னால் கீழ்த்தட்டுக்காரரோடு இடம் மாற்றிக்கொள்ள முடியுமா என்று பேசிவிடுங்கள்.

அடுத்தது மீட்டர் பெட்டி. எங்கள் கட்டடத்தில் அது மாடிப்படிக்குக் கீழே, செருப்பு வைக்கும் பலகைக்கு மேலே இருக்கிறது. எலெக்ட்ரீஷியன் கதவைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "சார், இந்த ஒயர் ஏசிக்கே திணறுது. கார்னா தனியா சிக்ஸ் ஸ்கொயர் காப்பர் இழுக்கணும். எர்த் இருக்கா பாக்கணும்" என்றார். எர்த் பற்றி அவர் சொன்னதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். காருடன் வரும் சார்ஜர், மின்சாரத்தை விடுவதற்கு முன் எர்த் சரியாக இருக்கிறதா என்று தானே சோதிக்கும். இல்லையென்றால் சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டுச் சும்மா இருக்கும். புதுக் கார் வந்த இரவே இப்படி முரண்டு பிடித்து, கார் பழுது என்று சர்வீஸ் சென்டருக்குப் போன் போட்ட வீடு ஒன்று எனக்குத் தெரியும். பழுது இருந்தது முப்பது வருட எர்த் குழியில்.

எவ்வளவு பெரிய சார்ஜர் வேண்டும்? ஷோரூமில் பெரியதையே சொல்வார்கள். க்ரெட்டாவுக்கு 11 கிலோவாட் சுவர் சார்ஜர் உண்டு. வண்டி வந்தபோது அதற்குத் தனியாக ரூ.73,000 விலை வைத்தார்கள், மூன்று ஃபேஸ் இணைப்பும் வேண்டும். உங்கள் தேவையைக் கணக்கிட்டுப் பாருங்கள். அடையாறிலிருந்து நுங்கம்பாக்கம் அலுவலகம் போய்வந்து, நடுவில் பிள்ளையை டியூஷனில் விட்டு அழைத்துவந்தால்கூட நாளைக்கு 30, 35 கி.மீ. தாண்டாது. இந்த அளவு வண்டி நகரத்தில் 100 கி.மீ. ஓட ஏறக்குறைய 14, 15 யூனிட் தின்னும். ஏற்றும்போது சூடாகி வீணாவதையும் சேர்த்தால் மீட்டரில் 16, 17 யூனிட் ஓடும். அப்படியென்றால் ஒரு நாளைக்கு ஐந்தரை யூனிட். 15 ஆம்பியர் பிளக்கில் ஏற்றும் 3.3 கிலோவாட் சாதா சார்ஜர் அதை இரண்டு மணி நேரத்துக்குள் கொடுத்துவிடும். இரவு பத்து மணிக்குச் சொருகினால் பன்னிரண்டுக்குள் வேலை முடிந்தது. முழுப் பேட்டரியையும் காலியிலிருந்து நிரப்பப் பதினைந்து மணி நேரம் ஆகும் என்பது உண்மைதான். தினமும் காலி செய்கிறவர் யார்?

இனி ஈ.பி. பில். மின்வாரியம் இப்போது தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம் என்று பெயர் மாறியிருந்தாலும் நமக்கு அது ஈ.பி.தான், இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கு. கார் கம்பெனிகள் கி.மீ.க்கு ஒரு ரூபாய் என்று விளம்பரம் செய்யும்போது நம் ஊர்ப் படிநிலைக் கட்டணத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. முதல் 100 யூனிட் இலவசம். ஆனால் இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டியதும் 101 முதல் 200 வரைக்குக் கிடைத்த சலுகை போய்விடும், படிகளும் செங்குத்தாகும். 2024 ஜூலைக் கட்டணப்படி 501 முதல் 600 வரை யூனிட்டுக்கு ரூ.8.55, 601 முதல் 800 வரை ரூ.9.65, 801 முதல் 1,000 வரை ரூ.10.70, அதற்கும் மேல் ரூ.11.80. கார் குடிக்கும் மின்சாரம் எப்போதும் உங்கள் பில்லின் உச்சிப்படியில்தான் வந்து உட்காரும்.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். இரண்டு ஏசி, ஒரு கீசர். இரண்டு மாதத்துக்கு 700 யூனிட். கார் இரண்டு மாதத்தில் 2,000 கி.மீ. ஓடினால் இன்னொரு 330 யூனிட். அதில் முதல் 100 யூனிட் ரூ.9.65 விலையில், அடுத்த 200 ரூ.10.70 விலையில், கடைசி 30 ரூ.11.80 விலையில். கூட்டினால் ரூ.3,459. கி.மீ.க்கு ரூ.1.73. விளம்பரத்தைவிட முக்கால் ரூபாய் அதிகம். அப்படியும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை: லிட்டர் 101 ரூபாய் என்றும், சென்னை நெரிசலில் லிட்டருக்கு 12 கி.மீ. என்றும் வைத்தால் அதே 2,000 கி.மீ.க்குப் பெட்ரோல் செலவு ஏறக்குறைய ரூ.16,800. வருடத்துக்கு 80,000 ரூபாய் மிச்சம். வீட்டில் சார்ஜ் போட வழியில்லாமல் வெளியே வேகச் சார்ஜரையே நம்பினால் யூனிட்டுக்குப் பொதுவாக 18 முதல் 25 ரூபாய் வரை ஆகும், அப்போது கி.மீ.க்கு மூன்று ரூபாயை ஒட்டிவிடும், வரிசையில் நிற்கும் நேரம் வேறு.

நெக்ஸானுக்கும் க்ரெட்டாவுக்கும் இந்த ஓட்டச் செலவில் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. வித்தியாசம் வாங்கும் விலையில். 45 கிலோவாட் மணி பேட்டரியோடு நெக்ஸான் இ.வி. 2024 செப்டம்பரில் வந்தபோது ஆரம்ப விலை ரூ.13.99 லட்சம். 42 கிலோவாட் மணி பேட்டரியோடு க்ரெட்டா எலெக்ட்ரிக் 2025 ஜனவரியில் வந்தபோது ரூ.17.99 லட்சம். இரண்டும் ஷோரூம் விலை; அன்றைக்குள்ள விலையையும் தள்ளுபடியையும் நீங்கள் கேட்டுக்கொள்ளுங்கள். நான்கு லட்சம் அதிகம் கொடுத்து வாங்குகிற வண்டியில் பேட்டரி மூன்று கிலோவாட் மணி குறைவு என்பதைக் கவனியுங்கள். க்ரெட்டாவில் 51.4 கிலோவாட் மணி பேட்டரி வேண்டுமென்றால் இன்னும் மேலே போக வேண்டும். அந்த நான்கு லட்சத்தை வங்கியில் போட்டு ஈ.பி. பில் மட்டும் கட்டினால், மேலே சொன்ன கணக்கில் இரண்டு லட்சத்து முப்பதாயிரம் கி.மீ. ஓடலாம். வண்டியே அதற்குள் கிழவியாகிவிடும்.

நான்கு லட்சத்துக்கு என்ன கிடைக்கிறது? இடம். இரண்டு அச்சுகளுக்கு நடுவிலான தூரம் க்ரெட்டாவில் 2,610 மி.மீ., நெக்ஸானில் 2,498 மி.மீ. இந்தப் பதினோரு செ.மீ.தான் பின் இருக்கையில் முழங்காலுக்கு முன்னால் இருக்கும் காற்று. டிக்கி க்ரெட்டாவில் 433 லிட்டர், கூடவே முன் மூடிக்கடியில் 22 லிட்டர். நெக்ஸானில் 350 லிட்டர். கல்யாணத்துக்குப் போகும் குடும்பத்துக்கு இது பெரிய விஷயம். இரண்டுமே பெட்ரோல் காருக்காக வரைந்த உடலில் பேட்டரியைத் தரைக்கடியில் வைத்த வண்டிகள். அதனால் பின்னால் உட்கார்ந்தால் தரை கொஞ்சம் உயர்ந்து, தொடை இருக்கையில் முழுதாகப் படியாமல் முழங்கால் தூக்கிக்கொண்டிருக்கும். முட்டிவலி உள்ள பெரியவர் வீட்டில் இருந்தால் சோதனை ஓட்டத்துக்கு அவரையும் அழைத்துப் போங்கள். கையில் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு லஸ் வரை ஒரு சுற்று வந்துவிட்டு, "பிக்கப் பிரமாதம்" என்று சொல்வதில் பயனில்லை. எல்லா மின்சாரக் காருக்கும் பிக்கப் பிரமாதம்தான். அவர் பின்னால் ஏறி, அரை மணி நேரம் உட்கார்ந்து, இறங்கட்டும். எங்கள் மூன்றாம் மாடியில் அந்தப் பெண்ணின் மாமியார் க்ரெட்டாவில் ஏறியதும் காலை நீட்டிக்கொண்டார். பேச்சே வேண்டியிருக்கவில்லை.

வரி விஷயத்தில் இரண்டும் சமம். பெட்ரோல் கார்களை நான்கு மீட்டருக்குள் அடக்குவது சரக்கு சேவை வரியில் மிச்சம் பிடிக்க. மின்சாரக் கார் எந்த நீளமானாலும் 5 சதவீதம்தான். மாநில வரியில்தான் பெரிய பணம் இருக்கிறது. 2023 நவம்பரிலிருந்து தமிழ்நாட்டில் 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரையிலான பெட்ரோல் காருக்கு வாழ்நாள் வரி 18 சதவீதம்; 15 லட்ச ரூபாய்க் காருக்கு 2.70 லட்சம். மாநிலத்தின் 2023 மின்வாகனக் கொள்கை 2025 டிசம்பர் 31 வரை மின்சாரக் கார்களுக்கு இதை முழுக்கத் தள்ளுபடி செய்தது. இம்மாதிரிச் சலுகை தேதி போட்டுத்தான் வரும். நீங்கள் பதிவு செய்யப்போகும் நாளில் அது நடப்பில் உள்ளதா என்று கேட்டு, ஆன்ரோடு விலையை எழுத்தில் வாங்கிக்கொண்டு முன்பணம் கட்டுங்கள்.

பேட்டரியின் உள்ளே என்ன இருக்கிறது என்பதிலும் இரண்டும் வேறு. நெக்ஸானில் எல்.எஃப்.பி. வகை: லித்தியம், இரும்பு, பாஸ்பேட். க்ரெட்டாவில் என்.எம்.சி.: நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட். என்.எம்.சி. அதே எடையில் அதிக மின்சாரம் பிடிக்கும். எல்.எஃப்.பி. கொஞ்சம் கனம், ஆனால் சூட்டில் நிதானம், நிறையத் தடவை ஏற்றி இறக்கினாலும் தாங்கும். சித்திரை வெயிலில் பாண்டி பஜாரில் நாள் முழுக்க நிற்கும் காருக்கு எல்.எஃப்.பி. நல்ல தேர்வு என்பது என் எண்ணம். இரண்டிலும் பேட்டரியைத் திரவத்தால் குளிர்விக்கும் ஏற்பாடு உண்டு, அதனால் என்.எம்.சி.யைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. நடைமுறையில் வித்தியாசம் இவ்வளவுதான்: என்.எம்.சி.யைத் தினமும் 80 சதவீதத்தோடு நிறுத்தி, வெளியூர் போகும் முன்னிரவு மட்டும் 100 ஏற்றினால் நெடுநாள் உழைக்கும். எல்.எஃப்.பி.யை அவ்வப்போது 100 வரை ஏற்றத்தான் வேண்டும். அதில் மின்னழுத்தம் நெடுக ஒரே மட்டமாக இருப்பதால், முழுதாக நிரம்பும்போதுதான் கையிருப்பு எவ்வளவு என்பதைக் கார் சரியாகக் கணக்குப் பிடிக்கும்.

உத்தரவாதத்தில் நெக்ஸான் ஒரு படி மேலே போய்விட்டது. க்ரெட்டாவின் பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ. நெக்ஸானின் 45 கிலோவாட் மணி பேட்டரிக்கு 2025 முதல் சொந்த உபயோகக்காரருக்கு 15 ஆண்டு, கி.மீ. வரம்பில்லை. முக்கியமான வரி பொடி எழுத்தில் இருக்கிறது: இது முதல் உரிமையாளருக்கு மட்டும். காரை விற்றால் அடுத்தவருக்குப் பழைய 8 ஆண்டுக் கணக்குதான். ஐந்து வருடத்துக்கொரு முறை கார் மாற்றுகிறவருக்கு இந்த 15 ஆண்டு வெறும் அலங்காரம். பத்து வருடம் ஓட்டுகிறவருக்குத் தங்கம்.

ஒரு சார்ஜில் எத்தனை கி.மீ. என்பதுதான் எல்லோரும் முதலில் கேட்பது. நான் இவ்வளவு தள்ளி வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. நெக்ஸானுக்குச் சோதனைச்சாலைக் கணக்கு 489 கி.மீ.; க்ரெட்டா 42 வந்தபோது சொன்னது 390 கி.மீ. இதைப் பார்த்து நெக்ஸான் நூறு கி.மீ. கூடப் போகும் என்று நினைத்துவிடாதீர்கள். மூன்று கிலோவாட் மணி அதிகப் பேட்டரி அவ்வளவு தூரம் தராது. சோதனையில் ஏசி ஓடாது, வேகம் சாந்தமாக இருக்கும், சாலையில் குழி இருக்காது. 45ஐ நூறு கி.மீ.க்கு 15 என்று வகுத்தால் 300; 42ஐ வகுத்தால் 280. நகரத்துக்குள் நான் நம்புவது இதை. நெரிசல் மின்சாரக் காருக்குக் கெடுதல் இல்லை. பிரேக் பிடிக்கும்போதெல்லாம் கொஞ்சம் மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும். நெரிசலில் தின்பது ஏசி. நந்தனம் சிக்னலில் ஒரு மணி நேரம் மாட்டிக்கொண்டால் ஏசி ஏறக்குறைய ஒரு யூனிட் குடிக்கும், அதாவது ஆறேழு கி.மீ. அதற்காக வியர்த்துக்கொண்டு உட்கார வேண்டாம்.

நெடுஞ்சாலையில் கதை தலைகீழ். நூறு கி.மீ. வேகத்தில் காற்றைக் கிழித்துக்கொண்டு ஓடும்போது நூறு கி.மீ.க்கு 17, 18 யூனிட் போகும். கடைசிப் பத்து சதவீதத்தைத் தொடாமல் வைத்தால் நெக்ஸானில் 230 கி.மீ., க்ரெட்டா 42இல் 215 கி.மீ., க்ரெட்டா 51.4இல் 260 கி.மீ. சுமாராக. பாண்டிச்சேரிக்குப் போய் இரவு தங்குகிறவருக்கு மூன்றும் போதும். ஏறக்குறைய 330 கி.மீ. தள்ளியிருக்கும் திருச்சிக்கு மூன்றிலும் ஒரு நிறுத்தம் கட்டாயம். ஆக, பெரிய பேட்டரிக்குக் கூடுதல் லட்சங்களைக் கொடுத்தாலும் விக்கிரவாண்டி பக்கத்தில் இட்லி சாப்பிடத்தான் போகிறீர்கள்.

அந்த நிறுத்தத்தில் எவ்வளவு நேரம்? 10லிருந்து 80 சதவீதம் ஏற நெக்ஸானுக்கு 60 கிலோவாட் சார்ஜரில் 40 நிமிடம் என்றும், க்ரெட்டாவுக்கு 50 கிலோவாட் சார்ஜரில் 58 நிமிடம் என்றும் கம்பெனிகள் சொல்கின்றன. வழியில் கிடைப்பது 30 கிலோவாட் என்றால் இரண்டுக்குமே ஒரு மணி நேரத்துக்கு மேல். ஒரு தடவை உளுந்தூர்பேட்டை தாண்டி ஓரிடத்தில் செயலி 'தயார்' என்று காட்டிய சார்ஜர், நேரில் போனால் துணி போட்டு மூடிக் கிடந்தது. அடுத்ததற்கு 22 கி.மீ., கையிருப்பு 14 சதவீதம், ஏசி அணைப்பு, காரில் மயான அமைதி. அன்றிலிருந்து 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கவிடுவதில்லை, வழியில் இரண்டு இடத்தையாவது குறித்துக்கொள்ளாமல் கிளம்புவதில்லை. இரண்டு காரிலும் ஒரே சி.சி.எஸ்.2 பிளக்தான், எந்தக் கம்பெனி சார்ஜரிலும் போட்டுக்கொள்ளலாம். ஸ்பென்சர் பிளாசாவில் ஹூண்டாய் 2024இல் வைத்த 180 கிலோவாட் நிலையம் ஹூண்டாய்க்காரர்களுக்கு மட்டும் என்று ஒரு பேச்சு உலவுகிறது. அது பொது நிலையம், நெக்ஸானும் போகலாம்.

மழை. 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் பார்த்தவர்களிடம் தண்ணீரைப் பற்றிப் பேசாமல் கார் விற்க முடியாது. 2024 அக்டோபரில் வானிலை எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாக ஏற்றி நிறுத்திய ஊர் இது. பேட்டரிக்கு ஐ.பி.67 தரச்சான்று என்று விற்பனையாளர் சொல்வார். அதன் பொருள், ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் வைத்தாலும் உள்ளே கசியாது என்பது. மாம்பலம் கால்வாய் பொங்கி உங்கள் தூணடியில் பத்து மணி நேரம் தண்ணீர் நின்றால் அந்தச் சான்று உதவிக்கு வராது. தேங்கிய நீரில் மெதுவாகக் கடப்பதில் பெட்ரோல் காரைவிட மின்சாரக் காருக்கு ஒரு சாதகம் உண்டு: காற்றை உறிஞ்சும் எஞ்சின் இல்லாததால் தண்ணீர் குடித்து நின்றுபோகாது. நின்ற இடத்தில் முழுகினால், தண்ணீர் வடிந்த பிறகு ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள், சார்ஜரைச் சொருகாதீர்கள். வண்டி இழுத்துப் போகும் லாரியைக் கூப்பிடுங்கள். காப்பீட்டில் பேட்டரிக்குத் தனிப் பாதுகாப்பு சேர்த்துக்கொள்ளுங்கள். சுவரில் மாட்டும் சார்ஜரையும் உங்கள் தெருவில் கடைசியாக நின்ற தண்ணீர்க் கறைக்கு மேலே மாட்டச் சொல்லுங்கள். இடுப்பளவு உயரத்தில் மாட்டிவிட்டுப் போவது பொதுவான வழக்கம்.

பாதுகாப்புச் சோதனையில் நெக்ஸான் இ.வி. 2024 ஜூனில் பாரத் என்காப் ஐந்து நட்சத்திரம் வாங்கியது. க்ரெட்டாவின் உயர்ரகங்களில் தானாகப் பிரேக் பிடிக்கும், தடம் மாறினால் எச்சரிக்கும் வசதிகள் உண்டு. ஓ.எம்.ஆரில் அவை உதவும். வடக்கு மாட வீதியில் பூக்கடைக்கும் சைக்கிளுக்கும் அவை கத்திக்கொண்டே இருக்கும். இரண்டாம் நாளே அணைத்துவிடுவீர்கள்.

"க்ரெட்டா நம்ம இருங்காட்டுக்கோட்டையில செய்யறது அண்ணா" என்று அந்தப் பெண் கடைசி அஸ்திரத்தை எடுத்தார். உண்மை. நெக்ஸான் புனே பக்கத்து ரஞ்சன்காவிலிருந்து வருகிறது. ஊர்ப்பாசம் என்றால் 2025 ஆகஸ்டில் தூத்துக்குடியில் ஆலை திறந்த வின்ஃபாஸ்ட்டையும் பார்க்க வேண்டியிருக்கும் என்றேன். அவர் கணவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

கேட்டவர்களுக்கு நான் சொன்னது இதுதான். வீட்டில் நான்கு பேர், ஓட்டம் நகரத்துக்குள், வருடத்துக்கு நாலைந்து தடவை வெளியூர், பத்து வருடமாவது வைத்துக்கொள்ளும் எண்ணம் என்றால் நெக்ஸான் 45. மிச்ச லட்சங்களுக்கு வேறு வேலை இருக்கும். பின்னால் எப்போதும் பெரியவர்கள் உட்காருவார்கள், மாதம் ஒரு முறை கும்பகோணம் பக்கம் போக வேண்டும், டிக்கி நிறையச் சாமான் என்றால் க்ரெட்டா, அதுவும் 51.4. க்ரெட்டா 42ஐ நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். அந்த விலைக்கு அந்தப் பேட்டரி பொருந்தவில்லை. வீட்டில் பிளக் போட வழியே இல்லாதவர்கள் இரண்டையும் விட்டுவிட்டு இன்னும் இரண்டு வருடம் பொறுக்கலாம்.

மூன்றாம் மாடியில் மாமியார் பக்கம் வென்றது. ஆனால் கார் இன்னும் வரவில்லை. எங்கள் சங்கச் செயலாளர், "காமன் மீட்டர்ல கை வைக்கக் கூடாது, சொந்த மீட்டர்லேர்ந்து பைப்புக்குள்ள ஒயர் இழுங்க, அடுத்த கூட்டத்துல தீர்மானம் போட்டுத் தர்றேன்" என்று சொல்லியிருக்கிறார். கூட்டம் அடுத்த மாதம் இரண்டாம் ஞாயிறு. நீங்களும் அந்தக் காகிதம் கைக்கு வந்த பிறகே ஷோரூமில் முன்பணம் கட்டுங்கள்.